ஜெயசுதா கடையில் பேட்டரி பார்த்த கதை

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்த மழை நின்ற வியாழக்கிழமை காலையில், சொக்கன்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயசுதா, சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற மரகதத்தின் பழைய போனைத் தன் லேப்டாப்பில் சொருகி பேட்டரி ஹெல்த் பார்த்தபோது அறுபத்திரண்டு சதவீதம் என்று காட்டியது. சாயங்காலம் டிஸ்ப்ளே மாற்றி முடித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தபோது எழுபது என்று காட்டியது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சார்ஜ் வேறு, ஹெல்த் வேறு. சார்ஜ் என்பது குடத்தில் இருக்கிற தண்ணீர், ஏறும், இறங்கும். ஹெல்த் என்பது அந்தக் குடம் இப்போது எவ்வளவு பெரிது என்பது. போன் புதிதாக இருக்கையில் நூறு. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் குடம் சுருங்கிக்கொண்டே வரும், தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபது என்று. ரொம்பச் சுருங்கிவிட்டால் காலையில் முழுக்க ஏற்றின சார்ஜ் மத்தியானத்துக்குத் தாங்காது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். சுருங்கின குடம் தானாக விரிவது கிடையாது. உலகத்தில் எந்த போனிலும் கிடையாது.

ஜெயசுதாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் செய்கிற கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நின்று, ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேட்டரிகளை அதனதன் குழியில் வைத்து அழுத்தியவள் அவள். முப்பத்தாறு வயது, தனி ஆள், எதையும் திறந்து பார்க்காமல் விடாத கை. லேப்டாப்பில் கோளாறு என்று நினைத்து அந்த புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள், ஒயரை மாற்றினாள், மரகதத்தின் பேட்டரியைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்தாள். வேறு போனில் போட்டால் வேறு நம்பர் வந்தது. அதே போனில் சிம்மை மட்டும் மாற்றினால் அதற்கும் நம்பர் மாறியது. பேட்டரிக்கும் சிம்முக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எல்.கே.ஜி. பிள்ளைக்கே தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கடைக்கு வருகிற ஒவ்வொரு போனையும் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொருகிப் பார்த்து, ஏறினால் ஏன், இறங்கினால் ஏன் என்று போன்காரர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

மரகதம் வியாழக்கிழமை மத்தியானம் தனக்குப் பேத்தி பிறந்ததைச் சொன்னாள். திருப்பூரில் மகளுக்குக் காலையிலிருந்து வலி, கஷ்டமான பிரசவம், மூன்று மணிக்குத்தான் இரண்டு உயிராகப் பிரிந்தார்களாம். எலக்ட்ரீசியன் ஒருவன், கரூரில் டைபாய்டில் கிடக்கிற தம்பியைப் பற்றிச் சொன்னான். ஜவுளிக் கடைப் பெண் ஒருத்தி தன் போன் ஏன் நாற்பத்தொன்பதில் நிற்கிறது என்று தெரியவில்லை என்றாள், யாரோடு அதிகம் பேசுவாய் என்று ஜெயசுதா கேட்டபோது முகம் சிவந்து, போனைப் பிடுங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து, அவனுக்கு மஞ்சள் காமாலையாம் என்று அழுதாள். இப்படி பதினோரு நாள் விசாரித்து ஜெயசுதா ஒரு முடிவுக்கு வந்தாள். தன் கடையில் சொருகினால் தெரிவது பேட்டரியின் ஆரோக்கியம் இல்லை. அந்த சிம்மிலிருந்து யாரோடு அதிகம் பேசுகிறோமோ அந்த ஆளின் ஆரோக்கியம்.

கடைசியாகத் தன் போனையே சொருகினாள். ஐம்பத்தெட்டு வந்தது. அவள் அதிகம் பேசுவது திருச்சியில் ஸ்பேர் பார்ட்ஸ் அனுப்புகிற ஆரோக்கியசாமியோடுதான். நாலு வருஷமாக டிஸ்ப்ளே, டச், சார்ஜிங் பின் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. போன் போட்டு, அண்ணே, உங்களுக்கு ஐம்பத்தெட்டுதான் இருக்கு, போய் உடம்பைக் காட்டுங்க என்றாள். பேரிலேயே ஆரோக்கியம் இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது என்று அவர் சிரித்தார். மறுவாரம் அவரே கூப்பிட்டு, சர்க்கரை நானூறு இருக்கிறதாம் என்று மெதுவாகச் சொல்லி, ஆர்டர் எதுவும் கேட்காமல் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு விஷயம் அவள் கையில் இல்லை.

சொக்கன்காடு, வீட்டுக்கு ஒரு ஆள் வெளியே இருக்கிற ஊர். சிங்கப்பூர், சவூதி, குவைத், மலேசியா, அதுவும் இல்லாவிட்டால் சென்னை, பெங்களூர். தென்னந்தோப்பும் கீற்றுக்கொட்டகையும் பூட்டின மாடி வீடுகளும் போக ஊரில் மீதி இருப்பது பெண்களும் போன்களும்தான். அந்தப் பெண்கள் எல்லாரும் உடம்பு எப்படி இருக்கு என்று தினமும் கேட்கிற கேள்விக்கு, நல்லா இருக்கேன் என்று தினமும் ஒரே பதில் கேட்டுக் கேட்டு, அந்தப் பதிலை நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் இருந்தவர்கள், ஆகவே கார்த்திகை பிறப்பதற்குள் ஜெயசுதா கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வரைக்கும் வரிசை நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், எத்தனை என்று கேட்டார்கள். தொண்ணூற்றொன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

பக்கத்து ஊர்க் கடைகளில் சொருகினால் வெறும் பேட்டரி நம்பர்தான் வந்தது. ஜெயசுதாவின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துச் சொருகினாலும் வெறும் பேட்டரி நம்பர்தான். கடை இருந்த அந்தப் பத்தடிக்கு எட்டடி இடத்தில் மட்டும்தான் மனிதர் நம்பர் வந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர் மீட்டரும் கையுமாக வந்து இரண்டு நாள் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அமெரிக்காவில் இருக்கிற மகனின் நம்பரைப் பார்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா இதெல்லாம் மூடத்தனம் என்று நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டின மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பைக்குள் போனை ஒளித்துக்கொண்டு வந்து, ஈரோட்டில் இருக்கிற தன் அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டார்.

சங்கடங்களும் வந்தன. அம்மாவோடு தினமும் பேசுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ரேஷன் கடைக்காரரின் அம்மா நூற்றுமூன்று ஜுரத்தில் கிடந்த அன்று அவர் போன் தொண்ணூற்றேழு காட்டியது, அது யாருடைய தொண்ணூற்றேழு என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். காலேஜ் படிக்கிற பெண் ஒருத்திக்கு எப்போது பார்த்தாலும் நூறு; அவள் போன் பேசுகிற ஒரே இடம் கஸ்டமர் கேர், அங்கே ஒரு நாளும் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதில்லை. ரிடையரான கண்டக்டர் வைத்தியலிங்கம், செத்துப்போன தன் மனைவியின் நம்பருக்கு இன்றைக்கும் தினமும் கூப்பிடுகிறவர். அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான், அவளும் கட் பண்ணாமல், சாப்பிட்டீங்களா தாத்தா என்று ஒரு நிமிஷம் பேசிவிட்டு வைக்கிறாள். வைத்தியலிங்கம் போனை நீட்டியபோது வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தொண்ணூற்றொன்பது வந்தது. நல்லா இருக்காளாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

கோயில் தெருவிலும் பள்ளிவாசல் தெருவிலும் கூடிப் பேசி ஊர் சில ஏற்பாடுகள் செய்துகொண்டது. அவரவர் போனை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். நம்பரை ஜெயசுதா அந்த ஆளிடம் மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாற்பதுக்குக் கீழே வந்தால், வரிசையில் அடுத்து நிற்கிறவர் தன் முறையை விட்டுவிட்டு அந்த ஆளோடு வீடு வரைக்கும் போக வேண்டும். பார்த்துப் பழகியதில் இன்னொன்றும் நடந்தது. யார் வீட்டு ஆள் எந்த ஊரில் எந்த வேலையில் இருக்கிறான் என்பது, நின்ற நேரத்தில் பேசிப் பேசி, வரிசைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வரிசையில் ஒரு நாள் தவறாமல் நின்றவள் இந்துமதி. பிளவுஸ் தைக்கிறவள், நாற்பத்து நாலு வயது, அதிகம் பேசாதவள். மகள் தஞ்சாவூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். புருஷன் நீலமேகம் பத்தொன்பது வருஷமாக சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிறான், தம்மாமிலிருந்து பாலைவனத்தை வெட்டிக்கொண்டு எந்தெந்த ஊருக்கோ இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு போகிறவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நாற்பது நாள் வருவான். முதல் நாள் அவளுக்கு எண்பத்திரண்டு வந்தது. பரவாயில்லை என்று போனாள். அடுத்த வாரம் எழுபத்தாறு. அதற்கடுத்த வாரம் அறுபத்தைந்து. ஒவ்வொரு முறையும் அவனைக் கேட்டாள், அவன் ஒவ்வொரு முறையும் சிரித்தான், வெயிலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நூறா வரும், அந்த லேப்டாப்பை வேண்டுமானால் டாக்டரிடம் காட்டச் சொல் என்றான். அதன் பிறகு அவன் நேராகப் பேசுவது குறைந்துபோய், தினமும் பதினொரு மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது. சாப்டியா இந்து, பாப்பா காலேஜ் போச்சா, இங்க வெயில் கம்மி, வண்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்.

திருக்கார்த்திகை அன்று வியாழக்கிழமை. அகல் விளக்கு வாங்கின பையோடு இந்துமதி கடைக்கு வந்தாள். நாளைக்கு மகளுக்குப் பரீட்சை, இன்றைக்கு வீட்டில் இருக்கிறாள், நல்லபடியாக விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினாள். ஜெயசுதா சொருகினாள். முப்பத்தெட்டு. ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினாள். முப்பத்தெட்டு. வரிசை மொத்தமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எத்தன சுதா?" என்றாள் இந்துமதி.

"எழுபத்தொண்ணு, அக்கா."

இந்துமதி தலையாட்டிவிட்டு போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஜெயசுதா அடுத்த போனை வாங்கினாள், அதற்கடுத்ததையும் வாங்கினாள், நம்பர்களைச் சொன்னாள், ஆனால் சொன்ன ஒவ்வொரு நம்பரும் தன் வாயிலேயே சந்தேகமாக ஒலிப்பதைக் கேட்டாள். ஊரில் அத்தனை பேருக்கும் தூரத்திலிருந்து வருகிற குரல் சொல்கிற பதில் ஒன்று, தான் சொல்கிற நம்பர் ஒன்று. இந்த இரண்டாவதிலும் பொய் கலந்துவிட்டால் இந்தப் பெண்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வாசலில் இருபத்தாறு பேர் நிற்கும்போதே லேப்டாப்பை மூடி, ஷட்டரை இறக்கிப் பூட்டி, நடக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச தூரம் விட்டு, வரிசை அப்படியே அவள் பின்னால் போனது. மெயின் ரோட்டைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, ஒருவர் பின் ஒருவராக, முறை கலையாமல் போனது. நம் வீடாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் வேண்டிக்கொண்டாள், தன் தெரு தாண்டினதும் மூச்சு விட்டாள், விட்டதற்கு வெட்கப்பட்டு இன்னும் நெருங்கி நடந்தாள். இந்துமதி வீட்டு வேலிப்படலுக்கு வெளியே எல்லாரும் நின்றார்கள். ஜெயசுதா மட்டும் உள்ளே போனாள்.

இந்துமதி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை.

"அக்கா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் இந்துமதி. "எப்பவும் நீ நம்பரச் சொல்றப்போ ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே சொல்லுவ. நேத்து என் மொகத்தப் பாத்துச் சொன்ன."

இந்துமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"புள்ளைக்கு இன்னிக்குப் பரீட்ச. அதான் நானும் கேக்கல. இப்ப எழுதிக்கிட்டு இருப்பா. இப்பச் சொல்லு."

"முப்பத்தெட்டு."

இந்துமதி ஊசியில் கோத்திருந்த நூலைக் கத்தரித்துவிட்டு எழுந்தாள். அந்த நேரத்துக்குச் சரியாக பதினொரு மணி மெசேஜ் வந்தது. சாப்டியா இந்து என்ற குரல் கூடத்தில் கேட்டது, வேலிக்கு வெளியேயும் கேட்டது. வெயில் கம்மி என்றது, வண்டியில இருக்கேன் என்றது. இந்துமதி அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, அவனுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி டைப் அடித்து அனுப்பினாள். முப்பத்தெட்டு என்று வந்திருக்கிறது, எனக்குத் தெரியும்.

இரண்டு நீல டிக் விழுந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

வேலிக்கு வெளியே நின்ற வரிசைக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது, வரிசைக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. நீலமேகம் இருக்கிறது தம்மாம். தம்மாமில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஏழாவதாக நின்ற பெண், பள்ளிவாசல் தெரு அப்துல் கனியின் மனைவி, கேட்பதற்கு முன்பே தன் போனில் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை, வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போகிறேன் என்றானாம். இப்பவே கிளம்புங்க என்று அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

கனி போய்ப் பார்த்ததை அன்று சாயங்காலம் இந்துமதி வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து கேட்டார்கள். லேபர் கேம்பில் ஆறு கட்டில் போட்ட அறையில் கடைசிக் கட்டிலில் நீலமேகம் படுத்திருந்தான். கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட முடியாமல், முகம் உப்பி, பதினெட்டு நாளாக வண்டி தொடவில்லை. பாலைவனத்தில் வண்டியை நிறுத்த இடமில்லாத ரோடுகளில் தண்ணீர் குடிக்காமலும் ஒன்றுக்குப் போகாமலும் ஓட்டி ஓட்டி, இடுப்பு வலிக்கு மாத்திரையாக முழுங்கி முழுங்கி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. அறையில் கூட இருக்கிற பாகிஸ்தான்காரர் ஒருவர் ரொட்டியை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ்கள். குரல் தெளிவாக இருந்த ஒரு காலையில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தினமும் பதினொரு மணிக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தான். இன்னும் பத்து மெசேஜ் பாக்கி இருந்தது என்று கனி சொன்னான்.

கனியின் போனில்தான் இந்துமதி அவனோடு பேசினாள். அழவில்லை, திட்டவில்லை.

"பாப்பா படிப்பு முடியற வரைக்கும் தாக்குப் பிடிச்சிரலாம்னு பாத்தேன்" என்றான் நீலமேகம்.

"அந்தப் பத்து மெசேஜையும் அழிச்சிருங்க" என்றாள் இந்துமதி. "வேற எதுவும் பேச வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அங்கேயே ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தான். அந்த மூன்று வாரமும் காலை ஒன்பது மணிக்கு வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து இந்துமதிக்கு வழி விட்டது. முப்பத்தொன்று வந்த அன்று கனியின் மனைவி அவள் கூடவே வீட்டுக்குப் போய், மாலைவரை இருந்து, பிளவுஸ்களுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள். முப்பத்து நாலு. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று வந்த அன்று ஜெயசுதா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்; ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மார்கழி இருபதாம் தேதி கனி அவனைச் சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றிவிட்டான். திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு வேன் போதும் என்று இந்துமதி சொன்னாள், மூன்று வேன் போயிற்று.

நீலமேகம் வந்த பிறகு, திங்களும் வியாழனும் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. காலை நாலரை பஸ், மாலை திரும்பும் பஸ், நடுவில் நாலு மணி நேரம் அவன் மிஷினோடு படுத்திருப்பான், இந்துமதி வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் வீக்கம் வடிந்தது. தெரு முனை வரைக்கும் நடக்க ஆரம்பித்தான். இந்துமதி ஜெயசுதா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கண்ணெதிரே படுத்திருக்கிற மனுஷனுக்கு நம்பர் எதற்கு.

பொங்கல் கழிந்த மறு வாரம், பஸ் ஸ்டாண்டு வரை நடக்க முடிகிற தெம்பு வந்ததும், தன்னைக் காட்டிக்கொடுத்த அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் என்று நீலமேகத்துக்கு ஆசை வந்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது. சவூதியிலிருந்து கொண்டுவந்த போனை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். வரிசையில் நின்றவர்கள் அவனை முன்னால் விட்டார்கள், அவன் மாட்டேன் என்று கடைசியில் போய் நின்றான், முக்கால் மணி நேரம் நின்று தன் முறை வந்ததும் போனை ஜெயசுதாவிடம் நீட்டி, தான் இன்னார் என்று சொல்லாமல், ஹெல்த் பார்க்க வேண்டும் என்றான்.

அவளுக்கு ஆளைத் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளாமல் சொருகினாள். பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்பத்தி நாலு" என்றாள்.

நீலமேகம் சிரித்தான். "பரவால்லையே. நாப்பத்தொண்ணுல இருந்து ஏறியிருக்கே. டயாலிசிஸ் வேல செய்யுதுன்னு சொல்லு."

"அண்ணே" என்றாள் ஜெயசுதா, "இது உங்க நம்பர் இல்ல. உங்க நம்பர் அக்கா போன்லதான் வரும். இது உங்க போன்."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். யாரோடு அதிகம் பேசுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக, எத்தனை போன் மாற்றினாலும், எத்தனை சிம் மாற்றினாலும், அவன் கூப்பிட்டது ஒரே நம்பருக்கு. பின்னால் நின்ற பெண்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த மூன்று மாதத்தில் இந்தக் கடைக்கு வந்த போன்கள் எல்லாமே உள்ளூர் போன்கள். வெளியே இருக்கிறவர்களின் நம்பரை ஊர் தினமும் பார்த்தது, ஊரில் இருக்கிறவர்களின் நம்பரைப் பார்க்க வேண்டிய போன்கள் எல்லாம் வெளியூரில் இருந்தன. இது அந்த நிமிஷம் வரை ஜெயசுதாவுக்கே தோன்றவில்லை.

நீலமேகம் போனை வாங்கிக்கொண்டு நடந்தான். வாய்க்கால் பாலத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு இரண்டாம் மாடி. போன வியாழக்கிழமை லிப்ட் ஓடவில்லை, பாதிப் படியில் இந்துமதி நின்று, முந்தானையைச் சரி செய்கிற மாதிரி வெகுநேரம் செய்துகொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் பஸ்ஸில், இடது கையை உதறி உதறி, மரத்துப்போச்சு என்றாள். அவன் அப்போது தன் ஊசி போட்ட கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் அவன் நம்பர் எதையும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் ஜெயசுதா கடையில் ஒரு புது வரிசை சேர்ந்தது. பொங்கலுக்கு வந்து திரும்பப் போகாமல் இருந்த ஆண்கள் கையில் வெளிநாட்டு போன்களோடு வந்து, பழக்கமில்லாததால் முறை தெரியாமல் இடித்துக்கொண்டு நின்றார்கள், நம்பரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அறுபத்தொன்று வந்த ஒருவன் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். கூடப் போக வேண்டும் என்கிற ஏற்பாட்டை அவர்களுக்குப் பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்துக்கு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இறங்கினதும், வழக்கம்போல இரண்டாம் மாடிக்குப் போகாமல் நீலமேகம் கீழே ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் வரிசையில் போய் நின்றான். உங்களுக்குத்தான் சீட்டு வேண்டாமே, நேராக வார்டுக்குப் போனால் போதுமே என்று இந்துமதி பின்னால் இருந்து இரண்டு தரம் சொன்னாள். அவன் திரும்பவில்லை. முறை வந்தது.

ஜன்னலுக்குள் இருந்த பெண் நிமிராமல் பேர் கேட்டாள். இந்துமதி என்றான். வயது கேட்டாள். நாற்பத்து நாலு என்றான்.

"என்ன செய்யுது அவங்களுக்கு?"

நீலமேகம் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலும் போர்வையும் அவன் மாத்திரைகளும் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"என்ன செய்யுது இந்து?" என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஜன்னல்காரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள், பின்னால் நின்றவர்களும் காத்திருந்தார்கள், அவன் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்துமதி பையைக் கீழே வைத்தாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள்.